முன் என்னும் சொல்லும் சோழவரத்து ஓடுபாதையும்

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்குச் செல்லும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கை கிடைத்துவிட்டால், கையிலிருக்கும் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். முன்னே பச்சைத்தோல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் வாடை பேருந்துக்குள் நிறைந்திருக்கும். ஓட்டுநர் வலப்பக்கம் தலையை நீட்டிப் பார்ப்பார், பின்வாங்குவார், மீண்டும் பார்ப்பார். அந்தத் தயக்கத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நெடுநாள் எனக்கு விளங்கவில்லை. நான் தமிழ் இலக்கியம் படித்தவன். கணக்கு என்றால் பள்ளிப் பருவத்திலேயே விலகி நின்றவன்.

கணக்கின் பக்கம் என்னைத் திருப்பியவன் என் மாணவன் ஒருவன். அவன் தந்தை டேனரி ஒன்றில் வேலை பார்ப்பவர். இரண்டாமாண்டு படிக்கும்போது புது பைக் வாங்கித் தந்திருந்தார். ஒருநாள் சாலை வளைவொன்றில் லாரியை முந்தப்போய், எதிரே வந்த வேனைக் கண்டு பைக்கைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறான். தொடை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தது பள்ளத்திலிருந்த ஈரமண்ணின் கருணை. மருத்துவமனைக்குப் பார்க்கச் சென்றபோது, வளைவில் முந்தாதே என்று பலகை வைத்திருக்கிறார்களே, பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவன் சற்றும் தயங்காமல், "ஐயா, ரேஸ்ல வளைவுலதான் ஐயா முந்துவாங்க. நீங்க டி.வி.யில பாருங்க" என்றான்.

எனக்கு விடை தெரியவில்லை. அவன் சொன்னது உண்மை என்பது பின்னர் தெரிந்தது. மோட்டார் பந்தயத்தில் பெரும்பாலான முந்தல்கள் வளைவின் வாயிலில்தான் நிகழ்கின்றன. சாலையில் எது மரணத்துக்கு வழியோ அதுவே பந்தயத் தடத்தில் வெற்றிக்கு வழியாவது எப்படி? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோது நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே எழுபது ஆண்டு நீளமுள்ள ஒரு வரலாறு கிடைத்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

முதலில் அந்தப் பேருந்துக் கணக்கு. பேருந்தின் நீளம் 11 மீட்டர், லாரியும் அவ்வளவே என்று வைத்துக்கொள்வோம். முந்தத் தொடங்கும்போது இரண்டுக்கும் இடையே 10 மீட்டர், முந்தி முடித்து இடப்பக்கம் ஒதுங்கும்போது இன்னொரு 10 மீட்டர். ஆக லாரியைவிட 42 மீட்டர் கூடுதலாகப் பேருந்து ஓடியாக வேண்டும். லாரி மணிக்கு 50 கிலோமீட்டரிலும் பேருந்து 60 கிலோமீட்டரிலும் போகின்றன என்றால் வேறுபாடு வினாடிக்கு 2.8 மீட்டர்தான். 42 மீட்டர் பெற 15 வினாடி வேண்டும். அந்த 15 வினாடியில் பேருந்து 250 மீட்டர் ஓடிவிடும். எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வந்தால் அதுவும் 250 மீட்டரை விழுங்கும். அரைக் கிலோமீட்டர் வெறுஞ்சாலை கண்ணுக்குத் தெரிந்தாலன்றி அந்த லாரியை முந்த இயலாது. நம் வட்டாரச் சாலைகளில் அவ்வளவு நேர்ப்பார்வை கிடைக்கும் இடங்கள் எத்தனை என்பது அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியும். வேகம் இந்தக் கணக்கில் இரண்டாம் பொருள்தான். முதற்பொருள் வேகங்களுக்கு இடையிலான வேறுபாடு.

பந்தயம் என்ற ஒரு சொல்லுக்குள் நாம் இரண்டு வேறு விளையாட்டுகளை வைத்திருக்கிறோம் என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். எங்கள் வேலூர், திருப்பத்தூர்ப் பகுதிகளில் பொங்கலையொட்டி நடைபெறும் மாடு விடும் விழாவில் காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை வினாடியில் கடந்தது என்று அளந்து பரிசு தருவார்கள். ஒரு காளை மற்றொரு காளையைப் பார்ப்பதே இல்லை. கொங்கு நாட்டு ரேக்ளாவும் இத்தகையதே. 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் குறித்து, நேரம் பார்க்கும் பந்தயம் அது. தெற்கே சிவகங்கை, மதுரை, தூத்துக்குடிப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே மாட்டுவண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டுச் சாலையில் ஒன்றையொன்று முந்தும். முன்னது காலத்தோடு செய்யும் போட்டி, பின்னது இடத்துக்காகச் செய்யும் போட்டி. முல்லைத் திணைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன் பாகனை விரைவுபடுத்துவதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அந்தத் தேர் எந்தத் தேரையும் முந்துவதில்லை. அது கார்காலத்தோடு ஓடுகிறது, அவ்வளவே.

இந்த இரண்டையும் இணைக்கும் சொல் தமிழில் இருக்கிறது. 'முன்' என்பது இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். வீட்டின் முன் நிற்கிறான் என்கிறோம், மூன்று நாளைக்கு முன் வந்தான் என்றும் சொல்கிறோம். முந்துதல் என்ற வினை அதிலிருந்து கிளைத்தது. மோட்டார் பந்தயத்தின் கணிதம் முழுவதும் இந்த இருபொருளுக்கு இடையில் நடக்கும் நாணயமாற்று என்று சொன்னால் கணிதத்துறை நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு கார்கள் சரியாக ஒரு வினாடி இடைவெளியில் ஓடுகின்றன. நேர்பாதையில் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 50 மீட்டர். எனவே இடைவெளி 50 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் வேகம் 54 கிலோமீட்டராக, வினாடிக்கு 15 மீட்டராகக் குறைகிறது. அங்கே அதே ஒரு வினாடி 15 மீட்டராகச் சுருங்கிவிடும். தொலைக்காட்சியில் பார்ப்பவர், பின்னால் வருபவன் நெருங்கிவிட்டான் என்று துள்ளுவார். உண்மையில் எவனும் எதையும் பெறவில்லை. வளைவு தாண்டியதும் மீண்டும் 50 மீட்டர் விரிந்துவிடும். காலத்தால் முன்னிருப்பவனை இடத்தால் முந்த வேண்டுமானால் இந்தச் சுருங்கி விரியும் இடைவெளி மிகச் சிறுத்துப்போகும் இடத்தை, வளைவின் வாயிலை, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மாணவனின் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டிக் கொல்கத்தா செல்லும் பெருவழியில் சோழவரம் இருக்கிறது. ஏரியால் பெயர் பெற்ற ஊர். இரண்டாம் உலகப்போரின்போது அங்கே ஒரு விமானத்தளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் விமானங்கள் போய்விட்டன, ஓடுபாதைகள் கிடந்தன. இங்கிலாந்திலும் இதே கதைதான். சில்வர்ஸ்டோன் என்ற போர்க்கால விமானத்தளம் 1948இல் பந்தயத்தடமாகியது. 1950 மே 13 அன்று உலகச் சாம்பியன் போட்டியின் முதல் பந்தயம் நடந்தது அங்கேதான். கல்கத்தாப் பக்கம் பாரக்பூரிலும் விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. குண்டு வீசப் புறப்பட்ட இடங்கள் விளையாட்டு மைதானங்களாயின என்பதில் ஒரு நிறைவு இருக்கிறது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தோன்றியது. அதன் முயற்சியில் சோழவரத்தில் தொடர்ந்து நடைபெற்ற பந்தயங்கள் முப்பதாண்டுகளுக்கும் மேலாக இந்திய மோட்டார் பந்தயத்தின் தலைமைத் திருவிழாவாக விளங்கின. கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் ஓடின. கோண்டல் சமஸ்தானத்து மகாராஜா வெளிநாட்டுக் காரோடு வந்தார். 1980களில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகச் செய்யப்பட்ட என்சைன் கார் ஒன்றை அங்கே ஓட்டினார். மகாராஜாவின் காரும், உள்ளூர்ப் பட்டறையில் மாற்றியமைக்கப்பட்ட காரும் ஒரே மைதானத்தில் ஓடிய காலம் அது. பணம் இருந்தவனிடம் குதிரைத்திறன் இருந்தது, குதிரைத்திறன் இருந்தவன் முந்தினான். கணிதத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை என்று முதலில் தோன்றும். ஆனால் ஓடுபாதை என்பது தனித்தன்மை வாய்ந்த இடம். அது அகலமானது, நேரானது, தட்டையானது. அத்தகைய இடத்தில் எளியவனுக்கும் ஓர் ஆயுதம் கிடைக்கிறது. அது முன்னே போகிறவனின் காற்று நிழல்.

ஆங்கிலத்தில் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்பார்கள். ஓடும் காருக்கு எதிராகக் காற்று தரும் தடை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. அந்தத் தடையை வெல்ல எஞ்சின் தரவேண்டிய திறனோ வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகத்தை இருமடங்காக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். இந்த எட்டு மடங்கு என்னும் சுவரில் முட்டித்தான் ஒவ்வொரு காரும் தன் உச்ச வேகத்தில் நின்றுபோகிறது. ஆனால் முன்னே ஒருவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவன் முதுகுக்குப் பின்னே ஒட்டி வருபவனுக்குத் தடை குறைகிறது. ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகக் கொண்டால், அதே எஞ்சினைக்கொண்டு எட்டக்கூடிய உச்ச வேகம் 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல் உயரும். 180 கிலோமீட்டரில் திணறிய கார் 190ஐத் தாண்டும். இது தாளில் வரும் எண், தரையில் இதைவிடக் குறையும். ஆனாலும் ஒரு கிலோமீட்டர் நேர்பாதையில் சராசரியாக வினாடிக்கு 2 மீட்டர் கூடுதல் கிடைத்தால், 20 வினாடியில் 40 மீட்டர். பேருந்தைப் போல எதிரே வருபவனைப் பற்றிய கவலையும் இல்லை. கடைசிக் கணத்தில் நிழலைவிட்டு விலகி, பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன் பக்கத்தில் வந்துவிடலாம். அகலமான ஓடுபாதையில் விலகுவதற்கு இடமும் உண்டு.

இந்த ஆயுதம் கூர்மை பெற்றது எல்லார் கையிலும் ஒரே கார் வந்தபோதுதான். அதைச் செய்தவர் கோவையைச் சேர்ந்த தொழிலதிபர் எஸ். கரிவரதன். தாமே பந்தய வீரர். பின்னாளில் மாருதியின் 800 சிசி எஞ்சினைப் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, இளைஞர்கள் ஓட்டும்படி செய்தார். ஃபார்முலா மாருதி என்று அது பெயர் பெற்றது. நம் தெருவில் காய்கறி வாங்கப் போகிற காரின் இதயத்தை எடுத்துப் பந்தயக் காருக்குள் வைத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. 1995இல் சிறுவிமான விபத்தில் அவர் காலமானார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மகாராஜாக்களின் விளையாட்டை மாணவர்களின் விளையாட்டாக மாற்றிய மனிதரைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல நூல் வரவேண்டும் என்பது என் ஆசை.

எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்றால் முந்துவதற்கு என்ன மிஞ்சுகிறது? இரண்டுதான். காற்று நிழல், பிரேக். 1990இல் பந்தயங்கள் சோழவரத்தை விட்டு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தன. எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி வழியே போகும் அதே சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓரம். பந்தயத்துக்கென்றே கிளப் அமைத்த தடம் அது. நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. ஓடுபாதையில் நேர்பாதைகள் ஆண்டன, இங்கே வளைவுகள் ஆள்கின்றன. முந்தும் கலையின் இலக்கணமே மாறிவிட்டது எனலாம்.

பிரேக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வினாடிக்கு 50 மீட்டரில் வரும் கார் 15 மீட்டருக்கு வேகம் குறைக்க வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வீதம் வேகம் குறையும் என்று கொண்டால் 3.5 வினாடி ஆகும், 114 மீட்டர் ஓடியிருக்கும். இப்போது இரண்டு கார்கள் பக்கம்பக்கமாக வருகின்றன. ஒருவன் பிரேக் பிடித்துவிட்டான். மற்றவன் இன்னும் 8 மீட்டர் பொறுத்துப் பிடிக்கிறான். 8 மீட்டரைக் கடக்க 0.16 வினாடி. கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம். அந்தத் துணிவின் கூலி என்ன தெரியுமா? இருவரும் வேகம் குறைத்து முடிக்கும்போது பொறுத்தவன் 5.6 மீட்டர் முன்னால் இருப்பான். ஒரு காரின் நீளத்துக்கும் மேலே! நேர்பாதையில் 20 வினாடி பாடுபட்டுப் பெறுவதில் ஒரு பகுதி, இங்கே ஆறில் ஒரு பங்கு வினாடியில் கிடைத்துவிடுகிறது. வளைவில்தான் முந்துவார்கள் என்று மாணவன் சொன்னதன் மறுபாதி இது. துல்லியமாகச் சொன்னால் அவர்கள் வளைவில் முந்துவதில்லை, வளைவுக்கு முந்தைய பிரேக்கில் முந்துகிறார்கள்.

ஆனால் கடன் வாங்கிய 8 மீட்டரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தாமதமாகப் பிரேக் பிடித்தவன் வளைவின் உள்ளே 8 மீட்டர் கூடுதலாகச் சறுக்கிப் போயிருப்பான். காரைத் திருப்பி நேராக்கி ஆக்ஸிலேட்டரை அழுத்த அவனுக்கு அரை வினாடி தாமதமாகும் என்று வைத்துக்கொள்வோம். இதற்குள் முந்தப்பட்டவன் பதறாமல் வளைவை அகலமாக எடுத்து, அரை வினாடி முன்னதாகவே அழுத்திவிட்டால், வினாடிக்கு 4 மீட்டர் வீதம் வேகம் கூடும் காரில் அவனுக்கு 2 மீட்டர் கூடுதல் வேகம் கிடைக்கும். நான்கு வினாடியில் 8 மீட்டர். இழந்தது 5.6தான். அடுத்த வளைவு வருவதற்குள் நான்கு வினாடி நேர்பாதை இருந்தால் அவன் மீண்டும் முன்னே வந்துவிடுவான். இல்லையென்றால் முந்தியவன் தப்பினான். முந்துவதற்கு எந்த வளைவைத் தேர்வது என்ற கேள்விக்கு விடை, அந்த வளைவில் இல்லை. அதற்குப் பின்வரும் நேர்பாதையின் நீளத்தில் இருக்கிறது. சதுரங்கம் ஆடுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அன்று அந்தக் கார்களை ஓட்டிய இளைஞர்களுக்கு இதை யாரும் சூத்திரமாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நூறு சுற்று ஓடினால் உடம்பு கற்றுக்கொள்ளும்.

அப்படிக் கற்றவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 1977இல் பிறந்த கோவைக்காரர். அவர் தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர்பெற்ற ரேலி வீரர். ரேலி, மாடு விடும் விழாவைப் போல, கார்கள் தனித்தனியாகப் புறப்பட்டு நேரத்தோடு மோதும் விளையாட்டு. மகன் தேர்ந்தெடுத்ததோ தோளோடு தோள் உரசும் மற்ற வகை. இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 1994இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியரானார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010இல் அவரைப் பின்தொடர்ந்தார். அவர் தந்தை விக்கி சந்தோக்கும் பந்தயக்காரரே.

நரேன் 2005 ஜூனில் இண்டியானாபொலிசில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அந்தப் பந்தயத்தில் மிஷலின் டயர் அணிகள் பாதுகாப்புக் கருதித் தொடக்கத்திலேயே விலகிவிட, ஓடியவை ஆறே கார்கள். பதினான்கு கார்களை ஒரே கணத்தில், யாரையும் முந்தாமல் முந்தியவர் என்று இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. பிரிஜ்ஸ்டோன் டயரோடு வந்து, கடைசிவரை காரைக் கொண்டுசேர்த்ததும் பந்தயத்தின் ஒரு பகுதிதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2012 மார்ச் 25, மலேசியா. நரேன் அப்போது ஹெச்ஆர்டி அணியில். களத்திலேயே மிக மெதுவான கார்களுள் ஒன்று. அதற்கு முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் அந்த அணியின் இரு கார்களும் தகுதிநேரத்தை எட்டாததால் பந்தயத்திலேயே சேர்க்கப்படவில்லை. இத்தகைய கார் ஓடும்போது அதன் வேலை முந்துவதன்று, முந்தவிடுவது. முதலிடத்துக் கார் ஒரு சுற்றை 95 வினாடியிலும் மெதுவான கார் 100 வினாடியிலும் ஓடினால், முன்னவன் 20 சுற்று முடிக்கும்போது பின்னவன் 19 சுற்றுதான் முடித்திருப்பான். ஆகவே ஒவ்வொரு 20 சுற்றுக்கும் ஒருமுறை வேகமான கார் ஒவ்வொன்றும் வந்து கதவைத் தட்டும். நீலக்கொடி காட்டுவார்கள், ஒதுங்க வேண்டும். காய்ந்துகொண்டிருந்த ஈரத் தடத்தில் உலகச் சாம்பியன் வெட்டல் நரேனைக் கடந்து போனார். கடந்து மீண்டும் தடத்தின் ஓட்டக்கோட்டுக்குத் திரும்பும்போது நரேனின் கார் அவருடைய பின்சக்கரத்தில் பட்டது, டயர் கிழிந்தது. வெட்டல் 11ஆவதாக முடித்தார், புள்ளி இல்லை. நரேனுக்கு 20 வினாடி அபராதம் விதித்தார்கள். வெட்டல் வெள்ளரிக்காய் என்ற சொல்லால் அவரைக் குத்திக்காட்டியது செய்தித்தாள்களில் நெடுநாள் ஓடியது.

மீண்டும் அந்தப் பேருந்துக் கணக்கையே இங்கே போட்டுப் பார்க்கிறேன். காரின் நீளம் 5 மீட்டர். மூக்கு, பின்னவனின் வாலைத் தொட்ட கணத்திலிருந்து தன் வால் அவன் மூக்கைத் தாண்டும்வரை 10 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். வேக வேறுபாடு வினாடிக்கு 5 மீட்டர் என்றால் 2 வினாடி. 50 மீட்டர் வேகத்தில் அது 100 மீட்டர் நீளம். அந்த 100 மீட்டரில் இருவரும் ஒருவரையொருவர் கண்ணாடியின் மூலையில்தான் பார்க்கிறார்கள். அரை வினாடி முன்னதாகத் திரும்பினால் இரண்டரை மீட்டர் குறைவு, அதாவது பின்சக்கரம் இன்னும் மற்றவனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். முந்துபவன் தன் வாலின் நீளத்தைக் காலத்தால் அளக்கிறான், கண்ணால் அன்று. தீர்ப்பாளர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆயினும் ஈரத்தில் ஒதுங்குபவனின் இரண்டு அடி அகலத்தைக் காட்டிலும், திரும்புபவனின் அரை வினாடியே இந்தக் கணக்கில் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. கோவைக்காரர் என்ற பாசம் என் கணக்கில் கலந்திருக்கலாம், மறுப்பதற்கில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2011 அக்டோபர் 30 அன்று, டெல்லியை அடுத்த புத்தா தடத்தில் முதல் இந்திய கிராண்ட் பிரி நடந்தது. நரேன் 17ஆவதாக வந்தார். தடத்தின் நேர்பாதைகளுள் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், முந்துவதற்கென்றே வரைந்தது. ஃபார்முலா ஒன் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது அதன் இறக்கைகள்மீது ஓடும் காற்று. முன்னவன் கலக்கிவிட்ட காற்றில் பின்னவனின் இறக்கைகள் பிடிப்பை இழக்கின்றன. ஆகவே நேர்பாதையில் நண்பனாக இருக்கும் நிழல், வளைவில் பகைவனாகிவிடுகிறது. இறக்கையில்லாத ஃபார்முலா மாருதிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. இதைச் சரிக்கட்ட 2011 முதல் 2025 வரை ஒரு விதி இருந்தது. குறித்த இடத்தில் ஒரு வினாடிக்குள் நெருங்கிவிட்டவன் தன் பின்னிறக்கையின் ஒரு பகுதியைத் திறந்து காற்றுத்தடையைக் குறைத்துக்கொள்ளலாம். 50 மீட்டருக்குள் என்றோ 15 மீட்டருக்குள் என்றோ சொல்லாமல் ஒரு வினாடிக்குள் என்று சொன்னார்கள் பாருங்கள், விதியை எழுதியவர்களுக்கு முன் என்ற சொல்லின் இரண்டு பொருளும் தெரிந்திருக்கிறது! இந்தியப் பந்தயம் 2013உடன் நின்றது. மூன்று ஆண்டும் வென்றவர் அதே வெட்டல்.

பந்தயத்தடத்தில் எதிரே வருபவன் இல்லை. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைக் கொடி சொல்லும். அருகே ஓடுபவனின் பிரேக்கும் தன்னுடையதும் ஏறத்தாழ ஒன்று என்பது தெரியும். இத்தனையும் தெரிந்தபின் மிஞ்சும் ஒரே அறியாப் பொருளோடு, அந்த 8 மீட்டரோடு, அவர்கள் விளையாடுகிறார்கள். அதுவும் சிறிய விலையில் அன்று. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் 59 வயது மூத்த வீரர் ஒருவர் மற்றொரு காரோடு உரசி விபத்துக்குள்ளாகி இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கே 13 வயதுச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் விழுந்து உயிரிழந்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று வகுப்பெடுக்க முடியவில்லை.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர்ச் சாலையை அடைத்து விளக்கொளியில் இரவுப் பந்தயம் நடத்தினார்கள். நாள்தோறும் நம் பேருந்துகள் போகும் அதே சாலைகள். இருபுறமும் தடுப்புச்சுவர். ஓடுபாதையின் அகலமும் இல்லை, இருங்காட்டுக்கோட்டையின் மண்விளிம்பும் இல்லை. 8 மீட்டர் தாமதித்தால் சறுக்கிச்சென்று நிற்க இடமின்றிச் சுவர் வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் முந்துதல் அரிதாவது இயல்பே. சோழவரத்தில் கிடைத்த தாராளம் எழுபதாண்டில் இவ்வளவு ஒடுங்கிவிட்டது.

மாணவன் தேறிவிட்டான். நடையில் மட்டும் சிறு சாய்வு. இப்போது ஷூ கம்பெனி ஒன்றில் வேலை. சில மாதங்களுக்கு முன் ஆம்பூர்ப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தான். அவன் கேள்விக்கு விடை கிடைத்தது என்று சொல்லி, மேற்சொன்ன கணக்கையெல்லாம் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினேன். 500 மீட்டர் என்ற எண்ணை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "என் பைக்குக்கு எவ்ளோ ஐயா?" என்று கேட்டான். நீளம் குறைவு, வேக வேறுபாடு அதிகம், ஆகவே பேருந்துக்கு வேண்டியதில் பாதிகூட ஆகாது என்றேன். "அந்த வளைவுல அவ்ளோகூடத் தெரியாது ஐயா" என்றான்.

முன்னே தோல் லாரி போய்க்கொண்டிருந்தது. சாலையோரப் புளியமரம் ஒன்றை அதன் வால் கடந்ததும் அவன் மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினான். எங்கள் பேருந்தின் மூக்கு அதே மரத்தை எட்டியபோது மூன்று என்று சொல்லி முடித்தான். ஓட்டுநர் வலப்பக்கம் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மீண்டும் லாரியின் பின்னாலேயே ஒதுங்கினார்.